ஒற்றைக்குழல் துவக்கு முரண்டு பிடித்தால்

வன்னியில் துவக்கு என்ற சொல்லை எடுத்தாலே பேச்சு ஒரு கணம் நின்றுவிடும். காரணத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் எழுதுவது அந்தத் துவக்குகளைப் பற்றியல்ல. மாவட்டச் செயலகம் தந்த அனுமதிப்பத்திரத்தோடு, கச்சானையும் மரவள்ளியையும் பன்றியிடமிருந்து காப்பதற்காக ஒரு சில வீடுகளில் இருக்கும் பன்னிரண்டு போர் (குழலின் துளை அளவு) ஒற்றைக்குழல் துவக்கைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்தில் ஒன்று இருந்தது. சண்டைக் காலத்தில் அது கைமாறிப் போனது, திரும்பி வரவில்லை. மீள்குடியேறிய பிறகு நான் அலைந்து பெற்றது இரண்டாவது. நெடுங்கேணிப் பக்கம் யாருடைய துவக்காவது முரண்டு பிடித்தால் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே ஏழெட்டுக் கேள்விகள். நான் துவக்குத் திருத்துபவன் அல்ல. எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில்

குழலின் வாய் வரம்பையோ வெறுந்தரையையோ பார்த்திருக்க, துவக்கைத் திறந்து தோட்டாவை எடுங்கள். எடுத்த தோட்டாவைச் சட்டைப் பையில் போடாமல் வேறு அறையில் வையுங்கள். பிறகு தோட்டா இருக்கும் அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். கண் ஏமாற்றும், குறிப்பாக இரவில் காவற்கொட்டிலில். நித்திரைக் கண்ணோடு டோர்ச் வெளிச்சத்தில் எதையும் கழற்ற வேண்டாம். பன்றி ஒரு பாத்தி மரவள்ளியைத் தின்றுவிட்டுப் போகட்டும், விடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விசையை இழுத்தால் "டிக்" என்ற சத்தம் மட்டும், வெடி இல்லை

என்னிடம் வரும் முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் இதுதான். இதில் காயம்படுபவர்கள் எல்லோரும் செய்யும் பிழையும் ஒன்றுதான்: சத்தம் வரவில்லையே என்று உடனே திறந்து பார்ப்பது. சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும். துவக்கைத் தோளிலிருந்து இறக்கி, வாயை ஆளில்லாத பக்கமே வைத்துக்கொண்டு, குறைந்தது முப்பது வரை எண்ணுங்கள். நான் அறுபது எண்ணுகிறேன். பிறகு முகத்தை விலக்கிக்கொண்டு திறந்து, தோட்டாவை எடுத்து, அதன் பின்புறத்தின் நடுவில் இருக்கும் சிறிய உலோகத் தொப்பியைப் பாருங்கள். துவக்கின் ஊசி அதில் ஒரு பள்ளம் போட்டிருக்க வேண்டும். கோளாறு எங்கே என்பதை அந்தப் பள்ளமே சொல்லிவிடும்.

பள்ளம் ஆழமாக, நடுவில் இருக்கிறது. துவக்கு தன் வேலையைச் செய்திருக்கிறது, தோட்டாதான் செத்தது. பெரும்பாலும் ஈரம். ஐப்பசி கார்த்திகை மழையில், ஓலைக் கொட்டிலில், திறந்த பெட்டியில் கிடந்த தோட்டா இப்படித்தான் ஆகும். இன்னொரு காரணத்தை யாரும் யோசிப்பதில்லை: எண்ணெய்க் கை. துவக்குக்கு எண்ணெய் போட்ட கையோடு தோட்டாவை எடுத்தால், தொப்பியின் விளிம்பால் எண்ணெய் மெல்ல உள்ளே இறங்கி மருந்தைக் கெடுத்துவிடும். அதே பெட்டியில் இரண்டாவது தோட்டாவும் ஏமாற்றினால் மூன்றாவதைப் பரிசோதிக்க வேண்டாம், பெட்டியையே ஒதுக்குங்கள். வெடிக்காத தோட்டாவை வெயிலில் காயவைப்பது, அடுப்படியில் வைப்பது, வெட்டி மருந்தைக் கொட்டுவது, கிணற்றில் போடுவது எல்லாவற்றையும் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தனித் தகரத்தில் போட்டு, பொலிஸ் நிலையத்தில் சொல்லி ஒப்படையுங்கள்.

பள்ளம் இருக்கிறது, ஆனால் நுளம்பு கடித்தது போல மெலிதாக. ஊசிக்குப் போதிய அடி விழவில்லை. பத்தில் எட்டுத் தடவை இதற்குக் காரணம் அழுக்கு. அழுக்குக்குக் காரணம் தேங்காய் எண்ணெய். வீட்டில் கையெட்டும் எண்ணெய் என்பதால் அதைப் போடுகிறோம். ஆறு மாதத்தில் அது பலாப்பால் போல இறுகி, ஊசி ஓடும் துவாரத்தை அடைத்துவிடுகிறது. துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டு, ஊசி வெளியே வரும் முகத்தையும், ஊசியை அடிக்கும் சுத்தியலான குதிரையின் அடியையும் துடையுங்கள். மண்ணெண்ணெய் முழுவதும் காய்ந்த பிறகு தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. ஒரு துளி என்றால் ஒரு துளிதான். அதன் பிறகும் பள்ளம் மெலிதாகவே விழுந்தால், ஊசி தேய்ந்திருக்கலாம் அல்லது உள்ளிருக்கும் வில் தளர்ந்திருக்கலாம். இரண்டும் வீட்டு வேலை அல்ல. சைக்கிள் கம்பியை அராவி ஊசி செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். நீளம் சற்றுக் கூடினாலும், துவக்கை மூடும்போதே அது தொப்பியில் குத்தும்.

பள்ளம் நடுவில் இல்லாமல் ஓரத்தில் விழுந்திருக்கிறது. குழல் தன் இடத்தில் சரியாக அமரவில்லை. கீழே "குழல் ஆடுகிறது" என்ற பகுதிக்குப் போங்கள்.

பள்ளமே இல்லை. ஊசி முறிந்திருக்கிறது, அல்லது துவக்கு முழுதாக மூடப்படவில்லை. திறந்து, தூசி துடைத்து, மறுபடி மூடிப் பாருங்கள். திறக்கும் நெம்பு பழைய இடத்துக்கு முழுவதும் திரும்புகிறதா என்று கவனியுங்கள். திரும்புகிறது, ஆனாலும் பள்ளம் இல்லை என்றால் திருத்துபவரிடம்தான் போக வேண்டும்.

வெடித்தது, ஆனால் சத்தம் மெலிது, உதையும் இல்லை

இதை இரண்டாவதாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஆளைக் கொல்வது இதுதான். "டிக்" சத்தம் ஒரு தொல்லை, அவ்வளவுதான். "புஸ்" சத்தம் ஆபத்து. மருந்து பாதி எரிந்து, சன்னமோ அதன் பின்னால் இருக்கும் அடைப்போ குழலின் நடுவில் நின்றுவிட்டிருக்கும். பன்றி இன்னும் வயலில் நிற்கிறதே என்ற அவதியில் அடுத்த தோட்டாவைப் போட்டால், பின்னால் வரும் சன்னம் அந்த அடைப்பில் மோதிக் குழல் பிளக்கும். பிளக்கும் இடத்தில்தான் உங்கள் இடக்கை இருக்கும்.

உடனே நிறுத்துங்கள். முன்போலவே காத்திருந்து, திறந்து, வெடித்த தோட்டாவின் வெற்றுக் கோதை எடுங்கள். முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும். அதன் பின்பக்கத்தால் வானத்தைப் பாருங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் துடைத்துவிட்டுத் தொடரலாம், ஆனால் அந்தத் தோட்டாப் பெட்டியை அல்ல. வட்டம் தெரியாவிட்டால், அடைப்பு துணியோ கடதாசியோ போல மென்மையானதாக இருந்தால், துடைக்கும் தண்டால் பின்னிருந்து முன்னாகத் தள்ளலாம். இறுகியிருந்தால் சுத்தியலைத் தேடாதீர்கள். குழல் உள்ளே சிறிதாக வீங்கியிருந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. பக்கவாட்டில் பார்க்கும்போது உட்சுவரில் ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால் அந்தத் துவக்கு இனி வெடிக்கக் கூடாது. அதைத் திருத்துபவர் சொல்லும் வரை உள்ளே பூட்டி வையுங்கள்.

குழலுக்குள் ஏதோ இருக்கிறது

எங்கள் ஊரில் அந்த "ஏதோ" பெரும்பாலும் குளவிக்கூடு. சிறுபோகம் முடிந்து மூலையில் சாத்திவைத்த துவக்கின் குழலில் மண்குளவி இரண்டே நாளில் வீடு கட்டிவிடும். அதற்கு அது நல்ல மூங்கில் குழாய் மாதிரி. ஒருமுறை நான் காவலுக்குப் புறப்படும்போது பழக்கத்தில் குழலை வானத்துக்குப் பிடித்தேன், வானம் தெரியவில்லை. ஈரமண்ணால் சீமெந்து போட்டது போல அடைத்து, உள்ளே புழுக்களைச் சேமித்து வைத்திருந்தது. அந்த மண், குழலை வெடிக்கச் செய்யப் போதும். வயலில் தடக்கி விழும்போது வாயில் ஏறும் சேறும் அப்படியே. வீட்டை விட்டுப் புறப்படும் முன்னும், விழுந்து எழுந்த பின்னும் வானம் பாருங்கள். குழலின் வாயைத் துணியால் அடைத்து வைத்தால் குளவி வராது என்று சொல்வார்கள். வராதுதான். ஆனால் அந்தத் துணியை மறந்தவர்களின் கதை வேறு.

வெடித்த கோது வெளியே வரவில்லை

கத்தி முனையால் நெம்புவதற்கு முன் கோதைப் பாருங்கள். பழைய கடதாசிக் கோது ஈரத்தில் ஊதியிருந்தால் வெடித்த பிறகு இறுகிக்கொள்ளும். பித்தளை விளிம்பில் பச்சைக் களிம்பு பிடித்த தோட்டாவும் அப்படியே. உள்ளே போகும்போது சற்று அழுத்த வேண்டியிருந்த தோட்டா வெளியே வரும்போது அடம் பிடிக்கும். ஆகவே விரலால் தானாக அமராத தோட்டாவை அழுத்தி மூடாதீர்கள்.

கோது நன்றாக இருந்து, ஒவ்வொரு முறையும் இறுகினால், அறையின் சுவரில் துருவோ பழைய பிளாஸ்டிக் படிவோ இருக்கிறது. குழலைக் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட துணியைத் தண்டில் சுற்றி, அறையை மட்டும் பத்துப் பதினைந்து தடவை சுழற்றித் துடையுங்கள். மணல் கடதாசி வேண்டாம். அது இன்று வழியை இலகுவாக்கும், நாளை கோது பிடிக்க இன்னும் நாலு கீறல் தரும். கோதை வெளியே தள்ளும் நாக்கு விளிம்பைப் பிடிக்காமல் வழுக்கினால், நாக்கின் அடியில் சேர்ந்த அழுக்கைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துப் பாருங்கள். அப்படியும் வழுக்கினால் நாக்கு தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டியதுதான்.

சிக்கியிருப்பது வெடித்த கோது என்பது நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும், முன்பக்கத்திலிருந்து மரத் தண்டால் மெல்லத் தட்டலாம். வெடிக்காத தோட்டாவை அப்படித் தட்டக் கூடாது. சந்தேகம் என்றால் அது வெடிக்காத தோட்டாதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டா பொருந்தவில்லை, அல்லது அளவுக்கு மீறி இலகுவாகப் போகிறது

"பன்னிரண்டு போர்" என்பதில் உள்ள போர் நாங்கள் கண்ட போர் அல்ல. துளை என்பதற்கான ஆங்கிலச் சொல். ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஒரு உருண்டை போகும் அகலம்தான் அந்தத் துளை. அதாவது ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். ஆகவே எண் கூடினால் துளை சிறுக்கும். இருபது போர் தோட்டா பன்னிரண்டு போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் நின்றுவிடும். அறை வெறுமையாகத் தெரியும். அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டு வெடித்தால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதிவிட்டேன். இருபது போர் தோட்டாக்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் வருவது இந்தக் காரணத்தால்தான். மஞ்சளைக் கண்டால் கை நிற்கட்டும்.

நீளத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய துவக்குகள் சிலவற்றின் அறை 65 மில்லிமீற்றர். இன்று அதிகம் கிடைப்பது 70 மில்லிமீற்றர் தோட்டா. மடிந்த நிலையில் அது உள்ளே போய்விடும், வெடித்து விரியும்போது இடம் போதாமல் அழுத்தம் ஏறும். குழலின் அடியில் பொறித்திருக்கும் எண்ணையும் பெட்டியில் உள்ள எண்ணையும் ஒத்துப் பாருங்கள். பொறிப்பு அழிந்திருந்தால் திருத்துபவர் அளந்து சொல்லட்டும்.

வயலைக் கொத்தும்போது கிடைத்த தோட்டா, ரவை ஆகியவற்றைப் பற்றி ஒரே வரி: எடுக்காதீர்கள், அடையாளம் வைத்துவிட்டுப் பொலிஸுக்கோ கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ சொல்லுங்கள். அவை உங்கள் துவக்குக்கு உரியவையும் அல்ல, உங்கள் அனுமதிப்பத்திரத்தில் உள்ளவையும் அல்ல.

குழல் ஆடுகிறது, மூடினாலும் இடைவெளி தெரிகிறது

துவக்கை வெறுமையாக்கி, மூடி, பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு குழலை மெல்ல அசையுங்கள். முன்கட்டை மட்டும் ஆடினால் அதன் திருகாணி தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் போதும். குழலே ஆடினால் மூட்டில் மண் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். துடைத்த பிறகும் ஆடி, மூட்டுக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மெல்லிய கடதாசி போகும் அளவு வெளிச்சம் தெரிந்தால், வெடிக்கும்போது தீ அந்த வழியாகத்தான் உங்கள் கண்ணுக்கு வரும். தகரத் துண்டு சொருகி இறுக்கிய துவக்கு ஒன்றை நான் பார்த்தேன். அதைச் செய்தவர் மற்ற எல்லா விடயத்திலும் புத்திசாலி.

குதிரை நிற்கவில்லை

பின்னிழுத்த குதிரை விசையைத் தொடாமலே விழுகிறது, அல்லது வெறும் துவக்கின் பின்கட்டையைக் கையால் தட்டினால் விழுகிறது. இதற்குக் காரணப் பட்டியல் கிடையாது. உள்ளே இருக்கும் பல் தேய்ந்துவிட்டது. துடைப்பதற்கும் ஒன்றுமில்லை, எண்ணெய் போடுவதற்கும் ஒன்றுமில்லை. தோட்டா போடாதீர்கள், நேரே திருத்துபவரிடம் கொண்டுபோங்கள்.

துரு

மாரியில் வன்னிக் காற்றே தண்ணீர். இளந்துருவை எண்ணெய்த் துணியால் தேய்த்தால் போய்விடும். வெளிப்புறத்தில் புள்ளி புள்ளியாக ஊறியது அழகைத்தான் கெடுக்கும். குழலின் உட்சுவரில் குழி விழுந்திருந்தால் காட்ட வேண்டும். துணி உறைக்குள் சுற்றி வைப்பவர்கள் அதிகம்; உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் துவக்குக்குக் காய்ச்சல் வருவதுதான் மிச்சம். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் காய்ந்திருக்கும் என்பதும் பிழை, புகை துருவைக் கூட்டும். பூட்டுள்ள மரப்பெட்டி, வாய் கீழ்நோக்கியபடி, தோட்டா வேறு பெட்டியில், திறப்பு வேறு இடத்தில். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்த வேறு இடம் எது என்று அவர்களுக்கு உங்களை விட முன்பே தெரிந்திருக்கும், ஆகவே அடிக்கடி மாற்றுங்கள்.

யானை வந்தால்

இது துவக்கின் கோளாறு அல்ல, ஆளின் கோளாறு. சன்னம் யானையை விரட்டாது, காயப்படுத்தும். காயப்பட்ட யானை அடுத்த மாதம் வேறொருவரின் வீட்டுச் சுவரில் அதைக் காட்டும். சட்டமும் விடாது. வனசீவராசிகள் திணைக்களம் தரும் யானை வெடிதான் அதற்கு.

மருமகனின் கைத்துப்பாக்கி

அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் என் மருமகன், வீட்டுக் காவலுக்கென்று மலிவான ஒன்பது மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினான். அங்கே அது கடையில் வாங்கும் பொருள். ஐந்தாறு வெடிக்கு ஒருமுறை கோது வெளியே பறக்காமல் மேலே நட்டுக்கொண்டு நிற்கிறது, மாமா என்ன செய்யலாம் என்று கேட்டான். தானாக அடுத்த ரவையை ஏற்றும் துவக்கை நான் என் கையால் திருத்தியதில்லை. ஆனாலும் மலிவிலிருந்து செலவுக்குப் போகும் ஒழுங்கு அதற்கும் பொருந்தியது. முதலில் பிடி: மணிக்கட்டு தளர்ந்தால் மேற்பகுதி முழுதாகப் பின்னால் ஓடாது, கோது சிக்கும். அடுத்து, தொழிற்சாலையில் பூசிய கிரீஸைத் துடைத்து, கைநூலில் சொன்ன இடங்களில் மட்டும் எண்ணெய். பிறகு வேறு கம்பனி ரவை. பிறகு மகசின்களுக்கு ஒன்று, இரண்டு என்று இலக்கம் எழுதி, கோளாறு ஒரே இலக்கத்தைப் பின்தொடர்கிறதா என்று பார்ப்பது. நாலும் சரியாக இருந்தும் சிக்கினால் உத்தரவாதத்தில் செய்தவர்களுக்கே அனுப்புவது. அவனுக்கு முதலாவதிலேயே தீர்ந்தது. ஒற்றைக் கையால் சினிமா பாணியில் பிடித்திருக்கிறான்.

இதைக் கேட்ட இரண்டு பேர், இங்கேயும் அப்படி ஒன்று வாங்க முடியாதா என்று கேட்டார்கள். இங்கே கைத்துப்பாக்கி பாதுகாப்பு அமைச்சின் விடயம். தற்காப்புக்கென்று பொதுமக்களுக்குக் கொடுத்திருந்தவற்றைக்கூட 2024 இன் இறுதியில் மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொன்னார்கள். கள்ளன் பயத்துக்கு நாயும் வெளிவிளக்கும் நல்ல பூட்டும் போதும். இரவில் வேலியடியில் கேட்கும் சத்தம் பக்கத்து வீட்டுப் பெடியனாகவும் இருக்கலாம்.

யாரிடம் திருத்துவது

1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கைத் திருத்துவதற்கே தனி அனுமதி வேண்டும். ஆகவே சந்தியில் உள்ள பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் கொடுப்பது உங்களுக்கும் அவருக்கும் வழக்கு. அனுமதி உள்ளவர் யார் என்று மாவட்டச் செயலகத்திலோ பொலிஸிலோ கேளுங்கள். கொண்டுபோகும்போது தோட்டா இல்லாமல், திறந்த நிலையில் அல்லது குழல் கழற்றி, அனுமதிப்பத்திரத்தோடு. பஸ்ஸில் கொண்டுபோவதை விடத் தெரிந்தவரின் வாகனம் நல்லது. சோதனைச் சாவடியில் ஒரு முழு பஸ்ஸையும் காக்கவைத்த அனுபவம் எனக்கு உண்டு.

துவக்கு நன்றாக இருக்கிறது, பத்திரம் முடிந்துவிட்டது

மிக எளிதான கோளாறு, மிக அதிகமானோரை மாட்டிவிடுவதும் இதுதான். அனுமதிப்பத்திரம் டிசெம்பர் 31 உடன் முடிகிறது. புதுப்பிக்கும் காலம் ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்குகிறது. மழையும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்குகிறது. ஒக்டோபர் முதல் கிழமையில் ஒரு வெயில் காலையில் துவக்கை முற்றத்தில் விரித்துத் துடைப்பேன், குழலால் வானம் பார்ப்பேன், தோட்டாக்களை எண்ணிக் கொப்பியில் எழுதுவேன். மத்தியானம் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு மாவட்டச் செயலகத்துக்குப் பஸ் ஏறுவேன்.